சீட் கிடைத்துவிட்டது, இந்த வருஷமே சேர்வதா, ஒரு வருஷம் பொறுப்பதா? நீலகிரி மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி வட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ வகுப்பாசிரியையாக இருக்கிறேன். ஜூலை 19 அன்று மதிப்பெண் வெளியானதிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "டீச்சர், கொரோனா இன்னும் முழுசாப் போகல. பிள்ளையை இந்த வருஷமே காலேஜில் சேர்க்கணுமா? ஒரு வருஷம் கழிச்சுச் சேர்த்தா என்ன?" ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். தேதிகளும் விதிகளும் 2021 ஆகஸ்ட் கடைசி வார நிலவரப்படி.

இந்த வருஷம் சேராவிட்டால், கிடைத்த இடத்தை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைப்பார்களா?

மாட்டார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் அனுமதிக் கடிதத்தை ஒரு வருஷம் தள்ளி வைத்துக்கொள்ள முடியும். சொந்தக்காரப் பிள்ளை யாராவது அப்படிச் செய்ததைக் கேள்விப்பட்டு, இங்கும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் அரசுக் கல்லூரிகளிலும், கலந்தாய்வு வழியாகச் சேரும் கல்லூரிகளிலும் அந்த ஏற்பாடு கிடையாது. குறித்த நாளில் போய்ச் சேரவில்லை என்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வருகிற வருஷம் மறுபடி விண்ணப்பம், மறுபடி தரவரிசை, மறுபடி கலந்தாய்வு. இதே மதிப்பெண்ணை வைத்து விண்ணப்பிக்கலாம். இதே இடம் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே பொறுப்பது என்று முடிவெடுத்தால், கையில் இருப்பதை விடுகிறோம் என்று தெரிந்தே எடுங்கள்.

அப்போ சேர்ந்துவிடச் சொல்கிறீர்களா?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு, ஆமாம்.

போன வருஷம் இதே கேள்வியோடு நின்றவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். 2020 ஜூலை 16 அன்று மதிப்பெண் வந்தபோது ஊரடங்கு, பஸ் இல்லை, இ-பாஸ் இல்லாமல் மேட்டுப்பாளையம் இறங்க முடியாது. "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று அன்று சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அப்படி நின்றவர்களில் பலர் இந்த வருஷம் விண்ணப்பம் போடவே வரவில்லை. சிலர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். சிலர் இங்கேயே கேரட் கழுவும் இடத்தில் நிற்கிறார்கள். வாரக் கூலி கைக்கு வர ஆரம்பித்து, வீடும் அதை நம்ப ஆரம்பித்த பிறகு, அதை விட்டுவிட்டுப் புத்தகத்தை எடு என்று சொல்வது லேசில்லை. இரண்டு பேருக்கு நான் போன் செய்தேன். இருவருமே மரியாதையாகப் பேசினார்கள், "பார்க்கலாம் டீச்சர்" என்றார்கள். அந்தப் "பார்க்கலாம்" எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

அப்பா அம்மா படித்த வீடுகளில் ஒரு வருஷம் என்றால் அது ஒரு வருஷத்தோடு முடிகிறது. வருஷம் திரும்பியதும் "ஃபார்ம் போட்டியா?" என்று விரட்ட அண்ணனோ சித்தியோ இருப்பார்கள். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் பிள்ளைக்கு அப்படிப் பிடித்து இழுக்க ஆள் இல்லை. என் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வகை. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்தும், ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களிலிருந்தும், இருளர், குறும்பர் ஊர்களிலிருந்தும் வருகிறவர்கள்.

நோயைப் பற்றிய பயம் எனக்கும் உண்டு. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று என்று செய்தி வந்தது. அந்த வாரங்களில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத நாளே இல்லை. இப்போது நாளுக்கு 2,000-க்கும் கீழே இறங்கியிருக்கிறது. மறுபடி ஏறலாம். ஏறினால் கல்லூரியை மூடுவார்கள், பாடம் போனுக்கு வரும், பிள்ளை வீட்டில் இருக்கும். ஆனால் ஒரு கல்லூரியின் வருகைப் பதிவில் பெயர் உள்ள மாணவராக இருக்கும்.

கட்டின பணம் போய்விடுமே? அக்டோபரில் நிலைமை மோசமானால் என்ன செய்வது?

இந்த வருஷத்துக்கு மட்டும் ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு ஜூலை 16 அன்று வெளியிட்ட அறிவிப்பின்படி, அக்டோபர் 31-க்குள் சேர்க்கையை ரத்து செய்தால் கட்டிய கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். அதற்குப் பிறகு டிசம்பர் 31 வரை ரத்து செய்தால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். முதலாண்டு வகுப்புகள் அக்டோபர் 1-ஐ ஒட்டித் தொடங்க வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில்தான் இருக்கிறது. ஆக, சேர்ந்து, வகுப்பு எப்படிப் போகிறது என்று சில வாரம் பார்த்துவிட்டு, முடியவில்லை என்றால் பணத்தோடு வெளியே வரலாம். சேராமல் நின்றவருக்கு உள்ளே போய்ப் பார்க்கும் இந்த வசதி இல்லை.

வாய்வார்த்தையாக ரத்து செய்யாதீர்கள். தேதி போட்டுக் கடிதம் எழுதி, ஒரு நகலில் கல்லூரியின் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டும்போதே ரசீது கேளுங்கள். "அப்புறம் தர்றோம்" என்றால் நின்று வாங்குங்கள்.

அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்குமா?

மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துத்தான் சேர முடியும். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் போன்றவற்றைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பது மானியக் குழுவின் விதி. எதையும் கொடுப்பதற்கு முன்னால் ஜெராக்ஸ் எடுங்கள், மாற்றுச் சான்றிதழுக்குக் கூடுதலாகவே எடுங்கள். போனில் படம் பிடித்தும் வையுங்கள். போன வாரம் ஓர் அம்மா மஞ்சள் பையில் எல்லா அசலையும் சுருட்டிக் கொண்டுவந்தார். மழையில் பையின் அடி நனைந்து சாதிச் சான்றிதழின் மை பரவியிருந்தது. ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள்.

எல்லாம் ஆன்லைன்தானே? போனில் படிக்கவா அவ்வளவு கட்டணம்?

முழுக்க ஆன்லைனாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. போன வருஷத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி பிப்ரவரி 8 அன்று திறந்தது, மார்ச் கடைசியில் மறுபடி மூடியது. அவர்கள் முதலாண்டில் பாதிக்கு மேல் போனில்தான் போனது, பாவம். இந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் சுழற்சி முறையில் திறக்கிறார்கள், ஆசிரியர்களும் ஊழியர்களும் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது. நிலைமை போன வருஷத்தைவிட மேல்.

இதில் பாடத்தைப் பொறுத்து நான் வேறுபடுத்திப் பார்க்கிறேன். தமிழ், வரலாறு, வணிகவியல், கணிதம் என்றால் ஒரு பருவம் போனில் போனாலும் புத்தகத்தை வைத்து ஈடுகட்டலாம். நர்சிங், பார்மசி, வேதியியல், எலக்ட்ரிக்கல் மாதிரிக் கையால் செய்து பழக வேண்டியவற்றில், சேர்வதற்கு முன்னால் கல்லூரியில் நேராகக் கேளுங்கள்: போன வருஷ மாணவர்களுக்கு விட்டுப்போன ஆய்வக வகுப்புகளை எப்போது நடத்தினீர்கள்? சரியான பதில் வந்தால் சேருங்கள். மழுப்பினால் யோசியுங்கள்.

எங்கள் ஊரில் டவரே இல்லை. ஆன்லைன் வகுப்பு வந்தால் பிள்ளை எப்படிப் படிக்கும்?

எனக்கு மிகவும் வலிக்கிற கேள்வி இது. கோவையிலோ சென்னையிலோ உட்கார்ந்து "நெட்வொர்க் பிரச்சினை" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அது இங்கே எப்படி இருக்கும் என்று என் மாணவி ஒருத்தியின் ஒரு நாளைப் பார்த்தால் புரியும். எஸ்டேட் லைன் வீட்டுக்கு மேலே, தண்ணீர்த் தொட்டி பக்கம் மட்டும்தான் சிக்னல். தொட்டி விளிம்பில் போன், மடியில் நோட்டு, தோளில் சாய்த்த குடை. மழை தகரத்தில் விழுவது மாதிரிக் குடைத்துணியில் விழுந்தால் ஆசிரியர் பேசுவது கேட்காது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அங்கே நிற்க முடியாது. தேயிலைக்குள் காட்டெருமை இறங்கிவிடும், கரடி நடமாட்டமும் உண்டு. போன் அப்பாவுடையது. அவர் லாரிக்குப் போகும் நாளில் வகுப்பு இல்லை. ஆடி, ஆவணி மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் இரண்டு மூன்று நாள் சார்ஜும் இல்லை.

இந்தப் பிள்ளைக்கு "சேர்ந்துவிடு" என்று சும்மா சொல்லிவிட்டுப் போக மாட்டேன். ஆனாலும் சேரச் சொல்கிறேன், கூடவே சில ஏற்பாடுகளோடு. சேரும் அன்றே துறைத் தலைவரைப் பார்த்து, இந்த ஊர், இந்த நிலைமை என்று எழுதிக் கொடுங்கள். நேரலை வகுப்பில் இருக்க முடியாத பிள்ளைக்குப் பாடக் குறிப்பையும் ஒலிப்பதிவையும் வாட்ஸ்அப்பில் போடச் சொல்லிக் கேளுங்கள். வீடியோவைவிட ஒலிப்பதிவு நல்லது, தொட்டி பக்கம் ஒரு தரம் போய் இறக்கிக்கொண்டு வீட்டில் கேட்கலாம். வருகைப் பதிவில் இதற்காகக் குறைக்கக் கூடாது என்றும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். டவுனில் அத்தை வீடோ பெரியம்மா வீடோ இருந்தால், ஆன்லைன் நடக்கும் வாரங்களில் மட்டும் அங்கே விடுங்கள். செப்டம்பர் 1 அன்று எங்கள் பள்ளியும் 9 முதல் 12 வரை திறக்கிறது. பழைய மாணவர்கள் வந்து உட்கார்ந்து படிக்க ஓர் அறை கேட்டிருக்கிறோம்.

சென்ற ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு அரசு தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. டவர் உள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. டவர் இல்லாத இடத்தில் டேட்டா கார்டை வைத்து என்ன செய்வது? முதலில் வேண்டியது டவர். இதை ஒவ்வொரு ஊராட்சியும் மனுவாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பையனுக்கு 17 வயதுதான். ஊசி போடவில்லை. கோவையில் ஹாஸ்டலில் விடப் பயமாக இருக்கிறது.

பயப்படுவதில் தப்பில்லை. 18 முடிந்தவர்களுக்குத்தான் இப்போது ஊசி. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஓர் இந்தியத் தடுப்பூசிக்கு ஆகஸ்ட் 20 அன்று அனுமதி கிடைத்திருக்கிறது. இன்னும் போட வரவில்லை. மே மாதக் கடைசியில் சென்னையையும் தாண்டி மாநிலத்திலேயே அதிகத் தொற்று கோவையில்தான் இருந்தது என்பதும் உண்மை.

ஆனால் பயம் ஹாஸ்டலைப் பற்றியது. அதற்காகக் கல்லூரியையே விட வேண்டுமா என்று பிரித்துப் பாருங்கள். ஒரு அறையில் எத்தனை பேர், கழிவறை எத்தனை பேருக்கு ஒன்று, காய்ச்சல் வந்தால் தனியாக வைக்க இடம் உண்டா, வீட்டுக்கு அனுப்புவார்களா? இவற்றைக் கேட்டு, போய் ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சுழற்சி முறை நடக்கும் வரை வகுப்புள்ள வாரம் மட்டும் தங்கும் ஏற்பாடு கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

பையனுக்கு 18 முடிந்திருந்தால் இன்றைக்கே போய் முதல் ஊசி போடுங்கள். கோவிஷீல்டு என்றால் இரண்டாவது ஊசிக்கு 84 நாள் காத்திருக்க வேண்டும், கோவாக்சின் என்றால் 28 நாள். வீட்டில் தாத்தா பாட்டிக்கும் போட்டாகிவிட்டதா? சனிக்கிழமை மலையேறி வரும் பிள்ளை நோயைக் கொண்டுவந்தால் கஷ்டப்படப் போகிறவர்கள் அவர்கள்தான். நம் மாவட்டத்தில் பழங்குடிப் பெரியவர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஜூன் கடைசிக்குள் முதல் ஊசி போட்டு முடித்தார்கள். நர்சுகள் காட்டுப் பாதையில் நடந்து ஊர் ஊராகப் போய்ப் போட்டார்கள். டவுனில் இருந்துகொண்டு நாம் தள்ளிப்போடக் கூடாது.

மலையிலேயே படிக்க என்ன இருக்கிறது?

நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது. ஊட்டியில் 1955 முதல் அரசு கலைக் கல்லூரி. அந்தக் காலத்தில் கோவைக் கலெக்டராக இருந்த ஆங்கிலேயர் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் அந்த வளாகத்தில்தான். கூடலூரில் அரசு கலை அறிவியல் கல்லூரி. பெண்களுக்குக் குன்னூரில் பிராவிடன்ஸ், ஊட்டியில் எமரால்டு ஹைட்ஸ். கேத்தியில் சி.எஸ்.ஐ. பொறியியல் கல்லூரி, ஊட்டியில் ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரி, அரசு பாலிடெக்னிக், குன்னூரில் அரசு ஐ.டி.ஐ. மற்ற வருஷமாக இருந்தால் "கீழே இறங்கிப் படி, நாலு இடம் பார்" என்று நானே அனுப்புவேன். இந்த வருஷம், இரண்டு இடத்திலும் ஒரே பாடம் கிடைத்தால், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் இடத்தைத்தான் எடுக்கச் சொல்கிறேன். அரசுக் கல்லூரி என்றால் பஸ் பாஸும் இலவசம். முதுகலைக்குக் கோவை போகலாம், அதற்குள் மூன்று வருஷம் ஓடியிருக்கும்.

வீட்டில் வருமானம் நின்றுவிட்டது. ஒரு வருஷம் வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்துக்கொண்டு படிக்கட்டுமே?

இதைக் கேட்கும் அப்பாக்களின் முகத்தைப் பார்த்தால் உடனே பதில் சொல்ல வராது. டாக்சி ஓட்டியவர், காட்டேஜில் சமையல் செய்தவர், பூங்கா வாசலில் வர்க்கியும் சாக்லேட்டும் விற்றவர் என்று சுற்றுலாவை நம்பியிருந்தவர்களுக்கு இரண்டு கோடை சீசன் அப்படியே போய்விட்டது. தேயிலைக்காரர்களுக்குப் போன வருஷம் நடுவில் விலை ஏறியது கொஞ்சம் கைகொடுத்தது. எல்லா வீட்டிலும் தோட்டமா இருக்கிறது?

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அரசு கலைக் கல்லூரியில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. தேர்வுக் கட்டணம் போன்ற சில்லறைக் கட்டணங்கள்தான். அங்கே இடம் கிடைத்த பிள்ளை பணம் சேர்க்க ஒரு வருஷம் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுக்கே அந்தப் பிள்ளையின் கூலி வேண்டும் என்றால் அது வேறு விஷயம். அதை வெளிப்படையாகப் பேசுங்கள், வாரக் கடைசியில், விடுமுறையில் வேலைக்குப் போகட்டும். பலர் அப்படித்தான் படித்தார்கள்.

பொறியியல் மாதிரித் தொழிற்படிப்பு என்றால், வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் இது கிடைக்கும், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. ஏஜென்ட் யாராவது "எல்லாச் சலுகையும் வாங்கித் தர்றேன்" என்றால் நம்பாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, மருத்துவத்தில் போன வருஷம் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் ஆகியவற்றுக்கும் இந்த வாரம், ஆகஸ்ட் 26 அன்று, சட்டமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது.

கல்விக்கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரை நம் பங்காக முன்பணமும் வேண்டாம், அடமானமும் வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை தொடங்கும். வங்கி மேலாளர் "அப்புறம் வாங்க" என்றால், எழுத்தில் பதில் கேளுங்கள். கந்துவட்டிக்கு மட்டும் போகாதீர்கள்.

பெண் பிள்ளை. ஒரு வருஷம் வீட்டோடு இருக்கட்டும் என்கிறார் அவள் அப்பா.

சேர்த்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு ஆறு மாதத்தில் வரன் பேச்சு வந்துவிடுகிறது. இந்த ஊரடங்கில், செலவு குறைவாக முடியும் என்று அவசர அவசரமாக நடந்த கல்யாணங்களை நீங்களும் பார்த்தீர்கள். படித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னால் பேச வந்தவர் எழுந்து போவார். சும்மா இருக்கிறாள் என்றால் உட்கார்ந்து காபி கேட்பார். அப்பாவுக்கு நோய் பயம் என்றால் வீட்டிலிருந்து போய்வரும் மகளிர் கல்லூரியில் சேருங்கள். நான் வேண்டுமானால் அவரிடம் பேசுகிறேன்.

நீட் ரத்தாகிவிடும் என்கிறார்களே? மருத்துவத்துக்காக ஒரு வருஷம் பொறுக்கலாமா?

செப்டம்பர் 12 அன்று நீட் நடக்கிறது. நீட்டின் பாதிப்பை ஆராய மாநில அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு ஜூலையில் அரசுக்கு அறிக்கை கொடுத்தது என்பது சரி. அதை நம்பிப் படிப்பை நிறுத்தாதீர்கள், விண்ணப்பித்திருந்தால் போய்த் தேர்வை எழுதுங்கள். ஊட்டி உட்பட 11 இடங்களில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவை திறந்தால் இடம் கூடும்.

ஒரு வருஷம் முழுக்க நீட்டுக்காகப் படிப்பது தனி விஷயம். அது நோய்க்குப் பயந்து நிற்பதிலிருந்து வேறு. பிள்ளைக்கு உயிரியலில் உண்மையான பிடிப்பு இருந்து, பயிற்சிக்கு வழியும் இருந்து, பிள்ளையே கேட்டால், ஒரு வருஷம் கொடுக்கலாம். உறவுக்காரர் கேட்டால் கொடுக்க வேண்டாம். எப்படியும் கையில் ஒரு இளம் அறிவியல் இடம் இருந்தால், அதில் சேர்ந்துகொண்டே ஒரு முறை முயலுங்கள் என்பதுதான் என் எண்ணம்.

தேர்வே எழுதாமல் வந்த மார்க். அடுத்த வருஷம் இதை மதிப்பார்களா?

இந்த மதிப்பெண் பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம் என்று கணக்கிடப்பட்டது. அரசு கொடுத்த செல்லுபடியான மதிப்பெண், எந்த வருஷமும் செல்லும். ஆனால் வருகிற வருஷம் எழுத்துத் தேர்வு நடந்தால், அந்த மதிப்பெண்ணோடு உங்கள் பிள்ளை ஒரே தரவரிசையில் நிற்க வேண்டிவரும். இந்த வருஷம் எட்டு லட்சம் பேருக்கும் ஒரே அளவுகோல். தன் கூட்டத்தோடு போவதுதான் எளிது.

கூடலூர், பந்தலூர் பக்கம். கேரளாவில் சேரலாமா?

சுல்தான் பத்தேரி உங்களில் பலருக்கு ஊட்டியைவிடப் பக்கம்தான். ஆனால் கேரளாவில் இந்த வாரம் ஒரே நாளில் தொற்று 31,000-ஐத் தாண்டியது, அங்கிருந்து வருகிறவர்களுக்கு எல்லையில் ஆர்டிபிசிஆர் சான்றிதழோ இரண்டு ஊசி போட்ட சான்றிதழோ கேட்கிறார்கள். தினம் போய்வர முடியாது. இந்த வருஷம் கூடலூர் அரசுக் கல்லூரியைப் பாருங்கள்.

அப்படியானால் யார்தான் பொறுக்க வேண்டும்?

உடல்நலம் முதல் காரணம். நம் மலையில் பழங்குடிச் சமூகங்களில் அரிவாள் செல் ரத்தசோகை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும், கோத்தகிரியில் நாவா அமைப்பும் வருஷக்கணக்கில் அவர்களைப் பார்த்துவருகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், மூச்சுத்திணறல் எதுவும் சாதாரணமில்லை. இருதயக் கோளாறு, சிறுநீரக நோய், சிறுவயதுச் சர்க்கரை உள்ளவர்களும் அப்படித்தான். பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள், அவர் "வேண்டாம்" என்றால் வேண்டாம். அதற்கு மேல் நான் பேச மாட்டேன்.

இரண்டாவது, இந்த மே, ஜூனில் வீட்டில் சாவு விழுந்த பிள்ளைகள். அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்துவிட்டு, எரித்த இடத்தைக்கூடப் பார்க்க முடியாமல் போனவர்களிடம் செமஸ்டரைப் பற்றி என்ன பேசுவது? அவர்களில் சிலருக்குக் கல்லூரியே மருந்தாகலாம், சிலருக்கு முடியாது. பிள்ளையைக் கேளுங்கள், பிள்ளை சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மாநில அரசு 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகையும் பட்டப்படிப்பு வரை கல்வி, விடுதிச் செலவும் அறிவித்திருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள். 18 நிறையப் போகிறது என்றால் நாளைக்கே போங்கள்.

மூன்றாவது, மனசு ரொம்பவும் ஒடிந்து போனவர்கள். இந்தப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கு வந்ததே ஜனவரி 19-க்குப் பிறகுதான். அதுவரை கல்வித் தொலைக்காட்சியும் போனும். தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருக்கும் பிள்ளையைச் "சோம்பேறி" என்று திட்டாதீர்கள். 104-க்குப் போன் செய்தால் ஆலோசகர் பேசுவார். அந்தப் பிள்ளைக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொன்னால் ஒரு வருஷம் பெரிதில்லை.

பொறுப்பது என்று முடிவு செய்துவிட்டோம். அந்த வருஷத்தில் என்ன செய்வது?

சும்மா விடாதீர்கள். என் கண்ணில் மிகவும் பயனுள்ளது தட்டச்சு. தமிழ், ஆங்கிலம் இரண்டும் ஜூனியர், சீனியர் முடித்தால் அரசு வேலைக்கு நேரடியாக உதவும், கட்டணமும் குறைவு. ஐ.டி.ஐ.-யில் ஓராண்டுப் பிரிவுகள் இருக்கின்றன. மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லாவிட்டால் பிள்ளைகள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ அஞ்சல் வழியில் பட்டமே தொடங்கலாம். உடல்நலத்துக்காக வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

எதைச் செய்தாலும், அடுத்த மே மாதக் காலண்டரில் "காலேஜ் ஃபார்ம்" என்று இப்போதே எழுதி, வீட்டில் ஒருவர் அதற்குப் பொறுப்பெடுங்கள். என் நம்பரையும் பக்கத்தில் எழுதுங்கள். நானும் கூப்பிடுவேன்.

சேர்ந்த பிறகு நடுவில் முடியாமல் போனால்?

பல பல்கலைக்கழகங்களில் உடல்நலம் போன்ற காரணத்துக்கு இடையில் நிறுத்திவிட்டு மறுபடி சேர விதி உண்டு. சொல்லாமல் நின்றுவிட்டால்தான் சிக்கல். முதல்வருக்குக் கடிதம், மருத்துவச் சான்று, பல்கலைக்கழக அனுமதி மூன்றும் கையில் இருக்கட்டும்.

பிற்பாடு வேலைக்குப் போகும்போது இடையில் ஒரு வருஷம் ஏன் என்று கேட்பார்களா?

கேட்கலாம். 2020, 2021 என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். இதை நினைத்து யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன வருஷமே நின்றுவிட்டான். இப்போது வேலைக்குப் போகிறான். இனி சேர முடியுமா?

முடியும். அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணைய விண்ணப்பம் ஆகஸ்ட் 10 அன்றும், பொறியியலுக்கு 24 அன்றும் முடிந்துவிட்டது. ஆனால் கலந்தாய்வு முடிந்ததும் காலி இடங்கள் இருக்கும். அக்டோபர் 31 வரை அவற்றை நிரப்பலாம் என்று மானியக் குழுவின் அறிவிப்பு சொல்கிறது. பக்கத்துக் கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் எடுத்துப் போங்கள். போன வருஷம் மாற்றுச் சான்றிதழை வாங்காமலே போனவர்கள் சிலருடையது பள்ளி அலுவலகத்தில்தான் இருக்கிறது. வேலை நாளில் வர முடியாதவன் சனிக்கிழமை காலையில் வரட்டும்; நான் இருப்பேன், எடுத்துத் தருகிறேன்.